அன்று காலை நான் விசில் அடிக்காதது பற்றி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் கட்டுரை எழுதுகிற ஆள் இல்லை. பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் டிரிப் ஷீட்டும் லீவு லெட்டரும்தான். நாலு பேர் கூடிய இடத்தில் பேசச் சொன்னால் தண்ணீர் குடிக்கப் போவதுபோல நழுவிவிடுவேன். போன வருஷம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தபோது டிப்போவில் எனக்கு ஒரு விழா வைத்தார்கள். அங்கேயும் ‘நன்றி’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்த விழாவில் ஒரு இளம் கண்டக்டர் பேசினார். புதிதாக வந்திருக்கும் வண்டிகளில் கதவு தானாக மூடிக்கொள்கிறது, டிரைவருக்கு மணி அடிக்க ஒரு பட்டன் இருக்கிறது, இனி விசிலுக்கு அதிக வேலை இல்லை என்றெல்லாம் சொல்லிவிட்டு, “ஆனா நம்ம அண்ணன் ஒரே ஒரு விசில அடிக்காம ஒரு பஸ் ஜனத்தோட உசுரக் காப்பாத்தினவரு” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். டிப்போவில் இந்தக் கதை ரொம்ப வருஷமாக நடமாடுகிறது என்று எனக்குத் தெரியும். எழுந்து, அது அப்படி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விழா முடிந்ததும் அவரே என்னிடம் வந்து, சங்கத்து மலருக்கு அதை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். பேச்சில் வராதது எழுத்தில் வருமா என்று பார்க்கிறேன்.

மலை ரூட்டை நான் கேட்டு வாங்கவில்லை. கண்டக்டர் லைசென்ஸ் எடுத்து, பயிற்சி முடித்து வந்ததும் என்னை டவுன் பஸ்ஸில் போட்டார்கள். அங்கே நான் தேறவில்லை. ‘டிக்கெட், டிக்கெட்’ என்று குரல் கொடுக்கக் கூச்சம். பையில் இருக்கிற சில்லறையைக் குலுக்கிக்கொண்டே கூட்டத்துக்குள் நகர்வேன். பயணிகளாகப் பார்த்துக் கொடுத்தால் உண்டு. செக்கிங்கில் இரண்டு தடவை மாட்டிக்கொண்ட பிறகு, வாயில்லாதவனை மலைக்கு அனுப்புங்கள், அங்கே எல்லாம் தெரிந்த முகம், கேட்காமலே காசு கொடுப்பார்கள் என்று யாரோ யோசனை சொன்னார்களாம். அப்படித்தான் ஜவ்வாது மலைக்கு வந்தேன்.

புதூர்நாட்டைத் தாண்டி உள்ளே ஒரு ஊர். சாயங்காலம் வண்டி மேலே ஏறி அந்த ஊரிலேயே ராத்திரி நிற்கும். விடியற்காலை முதல் டிரிப்பாகக் கீழே இறங்கும். நைட் ஹால்ட் என்று சொல்வோம். ஊர்ப் பெயரை நான் எழுதவில்லை. அன்றைக்கு என்னைத் திட்டியவர்கள் எல்லாம் நல்ல மனிதர்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

வண்டியின் டிரைவர் மாசிலாமணி அண்ணன். ஆலங்காயத்துக்காரர். எனக்கு ஆறேழு வயது மூத்தவர். சர்வீஸில் அதைவிட மூத்தவர். சட்டப்படி பார்த்தால் வண்டிக்குப் பொறுப்பு கண்டக்டர்தான். ஆனால் அந்த வண்டியில் அவர் சொன்னது நடக்கும். கத்திச் சொல்ல மாட்டார். அடிவாரத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை இரண்டு மூன்று தரம் அழுத்தி விடுவார். காற்று வெளியேறும் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்பார். அந்த நேரத்தில் யாராவது பேசினால் திரும்பிப் பார்ப்பார். அவ்வளவுதான், பேச்சு நின்றுவிடும். எந்தக் கியரில் ஏறினாரோ அதே கியரில்தான் இறங்குவார். வளைவுகளில் வெற்றிலை போட்ட வாயைத் திறக்கவே மாட்டார்.

வளைவில் எதிரே ஜீப் வந்துவிட்டால் யாராவது பின்னால் போக வேண்டும். புளி மூட்டைக்கு மேல் ஆட்களை ஏற்றிக்கொண்டு வருகிற ஜீப் பின்னால் போகாது. எங்கள் வண்டிதான் போகும். நான் இறங்கிப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று சின்னச் சின்னதாக விசில் கொடுத்துக்கொண்டே இருப்பேன். நீளமாக ஒன்று கொடுத்தால் நிறுத்த வேண்டும். இரண்டு கொடுத்தால் முன்னால் எடுக்க வேண்டும். நான் மலைக்கு வந்த புதிதில், அப்படி ஒருநாள் பின்சக்கரம் விளிம்புக்கு ஒரு முழம் இருக்கும்போது நீள விசில் கொடுத்தேன். அண்ணன் அன்று சாப்பிடும்போது சொன்னார்: “வாயால பேசமாட்ட. ஆனா விசில்ல கரெக்டாப் பேசுற.” எனக்கு அதைவிடப் பெரிய சர்ட்டிபிகேட் யாரும் கொடுத்ததில்லை.

நைட் ஹால்ட்டுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஊர் முகப்பில் சரிவான இடத்தில் பெரிய புளியமரம். வண்டியை அதன் அடியில், மூக்கு கீழ்ப்பக்கம் பார்க்கும்படி நிறுத்துவோம். குளிரில் பேட்டரி காலை வாரிவிட்டால் உருட்டியே ஸ்டார்ட் செய்துவிடலாம். நாலு சக்கரத்துக்கும் கல் கொடுப்பது என் வேலை. எதிரே பொன்னி அக்காவின் கடை. சாமைச் சோறோ களியோ இருக்கும். சாப்பிட்டுவிட்டு அண்ணன் ஒரு ஸ்ட்ராங் டீ குடிப்பார். சில நாள் இன்னொரு டீயும் குடிப்பார். பிறகு அவர் கடைசி நீள சீட்டில் படுப்பார். நான் முன்னால் எஞ்சின் மூடிக்குப் பக்கத்தில், சூடு அடங்கும் வரை அதை ஒட்டிக்கொண்டு, கலெக்‌ஷன் பையைத் தலைக்கு வைத்துப் படுப்பேன்.

அண்ணன் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த சமயம். ஒரு ராத்திரி அவர் எழுந்து நடக்கிற சத்தம் கேட்டது. சீட்டுக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

“தூங்கிட்டியா?”

“இல்லண்ணே.”

“இங்க கை வெச்சுப் பாரு.”

என் கையை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்தார். ஒரு ஆம்பிளையின் நெஞ்சில் அப்படிக் கை வைத்து எனக்குப் பழக்கமில்லை. பனியன் நனைந்திருந்தது. உள்ளே அடித்த அடி என் உள்ளங்கையைத் தள்ளியது. சீராகவும் இல்லை. நாலு அடித்து, ஒன்றை விட்டு, அந்த விட்டதையும் சேர்த்து அடிப்பதுபோல ஓங்கி ஒன்று அடித்தது.

“இன்னாண்ணே இது, ஓடிட்டு வந்தவனுக்கு அடிக்கிற மாதிரி?”

“படுத்துக்கினு இருந்தவன் எங்கடா ஓடுவான்? தூங்கினவனை எழுப்பிவுட்டு அடிக்குது. உள்ள குந்திக்கினு யாரோ ஹோல்டான், ஹோல்டான்னு தட்டுற மாதிரிகீது.”

“வலிக்குதா?”

“வலியெல்லாம் ஒண்ணியும் இல்ல. பயமாகீது. இன்னாத்துக்குப் பயம்னு தெரியல.”

கொஞ்ச நேரம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். கை தானாகப் போய் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டது. அடங்கியதும் சொன்னார்:

“யாருகிட்டயும் சொல்லிடாத. டிப்போவுல தெரிஞ்சா மெடிக்கலுக்கு அனுப்புவானுங்க. அங்க ஒரு தபா பேரு பட்டுட்டா அப்புறம் ஸ்டீரிங்ல குந்த வுடமாட்டானுங்க. கேட்டாண்ட ஸ்டூல் போட்டு, போற வர்ற வண்டிக்கு நெம்பரு எழுதச் சொல்லுவானுங்க.”

காலையில் எப்போதும்போல வண்டியை இறக்கினார். ஒரு குலுங்கல் இல்லை.

அதற்குப் பிறகு அடிக்கடி வந்தது. வீட்டில் படுக்கிற நாளில் அவ்வளவாக இல்லை, மலையில்தான் என்றார். அதுதான் எங்களைத் திசை திருப்பியது. ஒருநாள் அவர் முகம் வீங்கிக் கிடந்ததைப் பார்த்து பொன்னி அக்கா தானாகவே கேட்டார்.

“இன்னா டைவரே, ராத்திரில தூக்கமில்லியா?”

“நெஞ்சு படபடன்னு அடிக்குதும்மா.”

“அடிக்காம இன்னா செய்யும்? நீங்க வண்டிய நிறுத்துற எடம் அப்பிடி. புளியமரத்தடியில ராத்திரில எங்காளுங்க ஒருத்தரும் படுக்கமாட்டாங்க. நெஞ்சு மேல ஏறிக் குந்திக்கும்.”

“இன்னாது குந்திக்கும்?”

“பேரெல்லாம் சொல்லக்கூடாது.”

“அப்ப கண்டைக்டர் மேல ஏன் குந்தல? அவனுந்தான அங்க படுக்கிறான்?”

“அவரு வாயே தொறக்கமாட்டாரு. உள்ள ஒரு ஆளு இருக்கிறதே அதுக்குத் தெரிஞ்சிருக்காது.”

கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். ஆனால் அன்று ராத்திரியே வண்டியை மரத்தடியிலிருந்து எடுத்து, ஊருக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூட மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அது சமதரை. பேட்டரி படுத்துவிட்டால் உருட்ட முடியாது. சில நாள் காலையில் பயணிகள் இறங்கித் தள்ளினார்கள். “மரத்துக்குப் பயந்துக்கினு எங்களத் தள்ள வெக்கிறியே டைவரே” என்று கிண்டல் செய்துகொண்டே தள்ளினார்கள்.

ஆச்சரியம் என்னவென்றால் நெஞ்சு அடிப்பது நின்றுவிட்டது. நன்றாகத் தூங்கினார். மரம்தான் காரணம் என்று நானும் நம்பினேன். டாக்டரிடம் போகலாமா என்று நான் மனசில் நினைத்திருந்ததையும் விட்டுவிட்டேன்.

இப்போது ஒன்று தோன்றுகிறது. மைதானத்திலிருந்து கடை தூரம். குளிரில் அவ்வளவு தூரம் நடக்க அலுப்புப்பட்டு அண்ணன் அந்த ராத்திரி டீயை விட்டிருந்தார். பிறகு மார்கழிக் குளிர் வந்தது. வண்டிக்காரங்க பாவம் என்று பொன்னி அக்கா ஒரு தூக்குப் பாத்திரத்தில் டீயைக் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார். திரும்பவும் நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. அப்போது நாங்கள் யாரும் இதைச் சேர்த்துப் பார்க்கவில்லை. மரத்திலிருந்து இன்னும் எவ்வளவு தூரம் போவது என்றுதான் பேசிக்கொண்டோம். டீதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. எனக்கு அந்த அறிவு இல்லை.

அந்த ராத்திரிக்கு வருகிறேன். அது பங்குனி மாதம். அன்று அது அடங்கவே இல்லை. அண்ணன் படுப்பதும் எழுவதுமாக இருந்தார். வண்டியை விட்டு இறங்கி மைதானத்தில் நடந்தார். திரும்பி வந்து படியில் உட்கார்ந்து, தலையைக் கம்பியில் சாய்த்துக்கொண்டார். ஒரு தடவை எழுந்தபோது கால் தடுமாறிச் சீட்டைப் பிடித்தார். நான் போர்வைக்குள் விழித்துக்கொண்டு கிடந்தேன். ‘அண்ணே, காலையில் நீங்கள் வண்டி எடுக்க வேண்டாம்’ என்ற வார்த்தை தொண்டை வரை வந்து நின்றது. எத்தனை தரம் வந்து நின்றது என்று எனக்குத்தான் தெரியும். அவருக்கு நான் எப்படிப் புத்தி சொல்வது? சின்னவன், அவரிடம் தொழில் கற்றவன். விடியட்டும், அவரே சொல்வார் என்று இருந்துவிட்டேன்.

விடிகிற நேரத்தில் ஜனம் வந்துவிட்டது. அன்று கீழே சந்தை. பலாப்பழம், புளிக் கூடை, கோழி எல்லாம் ஏறின. கல்லூரிக்குப் போகிற பெண்கள் பரீட்சை என்று முன்சீட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் கைக்குழந்தையை ஊசி போட எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அண்ணன் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஏறினார். உதடு வெளுத்திருந்தது. எஞ்சினை ஸ்டார்ட் செய்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

நான் கல்லை எடுத்துவிட்டேன், டிக்கெட் போட்டுவிட்டேன், பின்படியில் நின்றேன். விசில் வாயில் இருந்தது. ஊதவில்லை.

அவர் ஒரு தரம் ஹாரன் அடித்தார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

“இன்னாபா, விசில முழுங்கிட்டியா?” என்றார் ஒருவர்.

“பொண்டாட்டி ஞாபகம் வந்துட்சி போல கண்டைக்டருக்கு.”

“பரீட்சைக்கு நேரமாவுதுண்ணா. விசில் அடிங்கண்ணா.”

“டைவருக்கும் கண்டைக்டருக்கும் சண்டையா? கீழ போய் சண்ட போட்டுக்கங்கப்பா. எம் பலாப்பழம் அழுவிப் போய்டும்.”

அண்ணன் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: “விசில் அடிடா.”

அப்போதுதான் நான் பேசினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. கூச்சக்காரன் பேச ஆரம்பித்தால் அவனுக்கு எந்த அளவு சத்தம் போதும் என்று தெரியாது. “அண்ணனுக்கு ராத்திரி பூரா நெஞ்சு அடிச்சுக்கினு இருந்திச்சு. நிக்கக்கூட முடியல. ரொம்ப நாளா இப்பிடித்தான். இவரு வண்டி எடுத்தா நான் விசில் அடிக்கமாட்டேன். யாரும் இந்த வண்டியில போவாதீங்க.”

கைக்குழந்தைக்காரி முதலில் இறங்கினாள். பிறகு ஒவ்வொருவராக இறங்க ஆரம்பித்தார்கள். ஒரு கிழவர் இறங்கும்போது அண்ணனின் சீட்டுக்குப் பக்கத்தில் நின்று, “இத்தினி நாளா இந்த நெஞ்ச வெச்சுக்கினா எங்களக் கூட்டினு போன?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதனால் அது இன்னும் மோசமாக இருந்தது.

அண்ணன் எஞ்சினை நிறுத்தினார். சாவியை எடுத்து எஞ்சின் மூடிமேல் வைத்தார். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து இறங்கி, நேராகச் சாலைக்குப் போய், புளி ஏற்றிக்கொண்டு போன ஜீப் ஒன்றை நிறுத்தி ஏறிக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

அந்த ஊரில் போன் எடுக்காது. மேட்டுக்கு ஏறிப் போய் டிப்போவுக்குச் சொன்னேன். மதியத்துக்கு மேல் வேறு டிரைவர் வந்தார். பரீட்சைப் பெண்கள் ஜீப்பில் தொங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்களாம்.

கிளை மேலாளர் என்னைக் கூப்பிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசுகிற, குரலை உயர்த்தாத மனிதர்.

“ட்ரிப் கட்டானதுக்குக் காரணம் சொல்லுப்பா.”

“டிரைவருக்கு உடம்பு சரியில்ல சார்.”

“அவர் சொன்னாரா?”

“இல்ல சார்.”

“நீ டாக்டரா?”

“இல்ல சார்.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். “நீ செஞ்சது தப்புன்னு சொல்லல. ஆனா ஊரே பாத்துடுச்சு. இனி நான் ஒண்ணும் மறைக்க முடியாது” என்றார்.

அண்ணனை மெடிக்கலுக்கு அனுப்பினார்கள். அங்கே வைத்துப் பார்த்ததில் ஒன்றும் தெரியவில்லை. பகலில் எடுத்த ஈசிஜி ஒழுங்காக இருந்தது. உடம்பில் ஒயர்களை ஒட்டி ஒரு ராத்திரி பூராவும் எடுத்தார்களாம். அன்றைக்குப் பார்த்து நன்றாகத் தூங்கியிருக்கிறார். வண்டி ஓட்டலாம், ஆனால் மலை வேண்டாம், இரவுப் பணி வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். அவரைத் திருப்பத்தூர் பக்கம் டவுன் பஸ்ஸில் போட்டார்கள். ஓய்வு பெறும் வரை அதைத்தான் ஓட்டினார். ஒரு விபத்து இல்லை. டிப்போவில் எதிரே வந்தால் செருப்பைச் சரி செய்வதுபோலக் குனிந்துகொள்வார். ஆலங்காயம் பக்கத்து டிரைவர்கள் கொஞ்ச நாள் அவரை ‘படபட மாசிலாமணி’ என்று கூப்பிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அதனால் நான் யாரையாவது காப்பாற்றினேனா என்று எனக்குத் தெரியாது. அன்று அவர் ஓட்டியிருந்தால் எப்போதும்போல இறக்கியிருக்கலாம். இறக்காமலும் போயிருக்கலாம். கை தட்டிய தோழர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது என் விஷயம். எனக்கும் ஐம்பது தாண்டியது. ஒருநாள் வீட்டில் படுத்திருந்தபோது தூக்கம் சட்டென்று கலைந்தது. யாரும் எழுப்பவில்லை. தலையணையில் காது வைத்திருந்த பக்கம் தடதடவென்று சத்தம். மாடியில் யாரோ ஓடுகிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது. அது என் நெஞ்சுதான் என்று தெரிய ஒரு நிமிஷம் ஆனது. எழுந்து உட்கார்ந்தால் இன்னும் வேகமாக அடித்தது. நாலு அடித்து ஒன்றை விட்டது. அந்த விட்ட இடத்தில் உள்ளே எல்லாம் இறங்கிப்போன மாதிரி இருந்தது. பக்கத்தில் வீட்டுக்காரி தூங்குகிறாள். எழுப்பவில்லை. அண்ணன் பயமாக இருக்கிறது என்று சொன்னாரே, அது இதுதான் என்று அப்போதுதான் புரிந்தது. அதைவிட இன்னொன்று புரிந்தது. இதை அடுத்த மனுஷனிடம் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது. அவர் என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தாரே, அவ்வளவு நம்பிக்கை நான் என் மனைவியிடம் வைக்கவில்லை.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு எங்கள் ஊர் டாக்டரிடம் போனேன். இந்த வயதில் பலருக்கு வருவதுதான், தூக்கமில்லாமை, கவலை, ராத்திரி டீ எல்லாம் காரணமாக இருக்கலாம், ஆனால் விட்டு விட்டு அடிக்கிறது என்கிறாயே, அதைப் பார்த்துவிடுவது நல்லது, வாணியம்பாடியில் நெஞ்சு டாக்டரிடம் காட்டு என்று சொன்னார். டீ என்று அவர் சொன்னபோதுதான் பொன்னி அக்காவின் தூக்கு எனக்கு ஞாபகம் வந்தது. நைட் ஹால்ட்டில் இனிப் படுக்க முடியாது என்று தோன்றியது. விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தேன். வாணியம்பாடிக்கு மட்டும் போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தேன்.

விழாவுக்கு அண்ணன் வரவில்லை. அங்கே கை தட்டல் வாங்கிய பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. இந்தக் கட்டுரைக்கு ஒப்புக்கொண்ட வாரத்தில் ஆலங்காயம் போனேன்.

வாசலில் முறத்தை வைத்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. குனிந்துகொள்ளவில்லை.

“வாப்பா கண்டைக்டரு. குந்து.”

அண்ணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனார். நான் முறத்திலிருந்து கடலையை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன். பிறகு அவரே ஆரம்பித்தார்.

“விசில் அடிக்காம வண்டிய நிறுத்தினவன்னு உன்னைப் பேசிக்கிறாங்களாமே?”

“பேசுறாங்கண்ணே.”

“விசில் அடிக்கலன்னா வண்டி நிக்குமாடா? நீ டீக்கடையில நின்னுக்கினு இருக்கும்போது எத்தினி தபா நானே எடுத்திருக்கேன். நீ பின்னாலயே ஓடி வந்து ஏறல?”

“ஏறியிருக்கேண்ணே.”

“அன்னிக்கு எஞ்சின் ஓடிக்கினுதான இருந்திச்சு? கியரப் போட்டா போய்ட்டே இருந்திருக்கும். நான் ஏன் போடல?”

நான் அடுத்த கடலையை எடுத்து உடைத்தேன்.

“ஏறிக் குந்தும்போதே தெரிஞ்சிபோச்சு, இன்னிக்கு ஆவாதுன்னு. ஏர் ஏறல, பிரேக் புடிக்காதுன்னு சொல்லி ஆஃப் பண்ணிடலாம்னுதான் ஸ்டார்ட் பண்ணதே. வண்டிக்கு வியாதின்னா ஒருத்தனும் ஒண்ணியும் கேக்கமாட்டான். ஸ்பேர் வண்டி வந்திருக்கும். நானும் ஜனத்தோட ஜனமா எறங்கிப் போய் லீவு போட்டுக்கினு, வேலூர்ல தனியாக் காட்டியிருப்பேன். கண்ணாடியில உன்னைப் பாத்தேனே, அது விசிலுக்கில்ல. நீயும் ஆமாம்னு ஒத்தாசையாச் சொல்லணும்னு பாத்தேன். நீ ஊரக் கூட்டி வெச்சுச் சொல்லிட்ட.”

“ராத்திரியே எங்கிட்ட சொல்லியிருக்கலாமேண்ணே.”

“நீ முழிச்சுக்கினுதான இருந்த? ஒரு வார்த்த கேட்டியா?”

நான் விழித்திருந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர் மனசுக்குத் தோதாக அன்றைய காரியத்தை மாற்றிச் சொல்கிறாரோ என்று ஒரு நினைப்பு வந்தது. இருக்கலாம். ‘விசில் அடிடா’ என்று சொன்னதும் அவர்தான். ஆனால் கண்ணாடியில் பார்த்தார் என்பது நிஜம். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. அதை நான் விசிலுக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

“இப்ப எப்பிடி இருக்குண்ணே?”

அவர் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டார். “மெதுவாப் பேசு. அவளுக்குத் தெரியாது. இப்பல்லாம் பகல்லயும் வருது.”

“டாக்டராண்ட போகலயா?”

“ஒரு தபா போனதுக்கே மலை போச்சு. அதுக்கப்புறம் நான் யாருகிட்டயும் வாயத் தொறக்கல. இப்ப உங்கிட்ட சொல்றேன் பாரு, எனக்கே ஏன்னு தெரியல.”

கடலையை உரிப்பதை நிறுத்தினேன். எனக்கும் அடிக்கிறது என்று சொன்னேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “உனக்குமா?” என்றார். “இடது பக்கமாப் படுக்காத. சத்தம் ஜாஸ்தியாக் கேக்கும்” என்றார்.

“நாளைக்கு வாணியம்பாடி போறேண்ணே, நெஞ்சு டாக்டராண்ட. நீங்களும் வாங்க. எனக்குத்தான் ஒடம்பு சரியில்ல, தொணைக்குப் போறேன்னு அண்ணிகிட்ட சொல்லிக்கலாம். அங்க போய் ரெண்டு பேரும் காட்டிக்கலாம். யாருக்கும் தெரியாது.”

அவர் கொஞ்ச நேரம் தோலையும் பருப்பையும் பிரித்துக்கொண்டிருந்தார்.

“இத அன்னிக்கு சொல்லியிருக்கலாம் நீ” என்றார். பிறகு, “பாக்கலாம். காலையில ஸ்டாண்டாண்ட இரு” என்றார்.

அண்ணி ஒரு பையில் கடலை கட்டிக் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். நான் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன். வாணியம்பாடி வண்டி இரண்டை விட்டேன். அவருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மூன்றாவது வண்டியில் தனியாக ஏறிப் போனேன். ஈசிஜி எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், மாத்திரை எழுதிக் கொடுத்து ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். இதை மலருக்குக் கொடுக்கும் முன் அண்ணனிடம் ஒரு தரம் படித்துக் காட்ட வேண்டும்.